வீட்டுக்கு ஒரு சுற்று வழி

முகம்மது கனி காரின் முன்பக்க இடது கதவைத் திறந்து, வசதியாக உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தேடினார்.

அரபு நாட்டில், தம்மாமில் பாதி ஆயுள் டிரெய்லர் ஓட்டிய கை. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். இங்கே அது வலது பக்கம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நஜ்முன்னிசா இருந்தாள்.

“நான் ஓட்டுறேங்க. நீங்க ஊரைப் பார்த்துக்கிட்டு வாங்க,” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. கொரோனாவுக்கு முன்னால் ஒரு லீவில் வந்தவர். இப்போது விமான நிலையமே புதுசு. கூட வந்தவர்களின் டிராலிக்குப் பின்னாலேயே நடந்துதான் வாசலைக் கண்டுபிடித்தார்.

கனி இவளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். இது லீவு இல்லை. கம்பெனியில் ஆளைக் குறைத்து, விசாவில் எக்ஸிட் அடித்து அனுப்பிவிட்டார்கள். இனி திரும்பிப் போக முடியாது.

தம்மாம் அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தார், விமானத்தில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. வீட்டில் சொந்தபந்தமெல்லாம் பிரியாணி தம் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். போய் இறங்கியதும் எத்தனை மாச லீவு என்றுதான் கேட்பார்கள். அதற்குள் இவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வண்டி புதுக்கோட்டை ரோட்டில் ஏறியது. நஜ்முன்னிசா காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள்.

“அப்புறம்? சொல்லுங்க.”

கனி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து கே.கே. நகர் பிரிவு வந்தது. அவர் காலத்தில் இந்தப் பக்கம் மாலை மயங்கினால் ஆட்டோக்காரர்கள் வர மாட்டேன் என்பார்கள். இப்போது துணிக்கடையும் கேக் கடையும் பல் டாக்டருமாக ஜேஜே என்றிருந்தது. “கே.கே. நகரா இது!” என்றார். சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது.

டோல்கேட்டில் நேராகப் போனால் பாலக்கரை. தர்காவுக்குப் பின்னால் வீடு, கூப்பிடு தூரம். அவளோ இடது பக்கம் மன்னார்புரத்துக்குத் திரும்பினாள்.

கனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓட்டிக் காட்டுகிறாள். சத்திரம் கடைத்தெருவில் வளையல் வாங்கக்கூடத் துணைக்கு ஆள் தேடியவள். ரோட்டைக் கடக்க அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது ஒரு தனியார் பஸ்ஸை ஹாரன் அடித்தே ஒதுக்கிவிட்டு முன்னால் போகிறாள். காட்டட்டும், மாஷா அல்லாஹ். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் விமான நிலையத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதன் எதிரே வண்டியை மெல்ல உருட்டினாள்.

“ம்... சொல்லுங்க.”

கனி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இனிமே மதுரை பஸ் இங்கதான் ஏறணுமா?”

நஜ்முன்னிசா ஒரு பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பினாள்.

தில்லை நகரில் ஒரு கட்டடமும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தையே இடித்துக் கட்டியிருந்தார்கள். லீவில் வந்தால் முதல் வேலையாகப் போய் நன்னாரி சர்பத் குடிக்கிற கடை இருந்த இடத்தில், யாரோ செல்போனுக்கு உறை விற்றுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவருக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. மாதா மாதம் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஊர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இவளும் ஊரோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டாள். ஐம்பத்தைந்து வயதுக்காரனுக்கு இங்கே யார் வேலை தருவார்கள்? வழி தெரியாத ஊரில், வண்டி ஓட்டத் தெரிந்த பெண்டாட்டியின் வீட்டில், இனி அவர் யார்? சொன்னதும் இவள் முகம் வாடிப்போனால் அதை எப்படிப் பார்ப்பது?

அவள் இன்னும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறிவிட்டாள்.

ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அந்தக் காற்று முகத்தில் அடித்ததும் கனிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதை மறைக்க, பழைய பாலத்துக்குப் பக்கத்தில் எழும்பியிருந்த புதுசைக் காட்டி, இது எப்போது ஆரம்பித்தார்கள் என்று கேட்டார்.

அவள் பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

“உங்க ரூம்ல இருந்த ஹாலித்து போன மாசமே அவர் வீட்டுல சொல்லிட்டாரு. அவர் சம்சாரம் எனக்குச் சொல்லிருச்சு. உங்களுக்கு எக்ஸிட் அடிச்சது எனக்குத் தெரியுங்க.”

கனி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

“வீட்டுல ஒரே கூட்டம். அங்க போனா நீங்க வாயே திறக்க மாட்டீங்க. தனியா இருக்கறப்பவே சொல்லிடட்டும்னுதான் ஏர்போர்ட்லேர்ந்து இப்படிச் சுத்திக்கிட்டு வரேன். நீங்க என்னடான்னா பஸ் ஸ்டாண்டு என்ன, பாலம் என்னன்னு கேட்டுக்கிட்டே வர்றீங்க.”

அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். முகம் வாடவில்லை. நாளெல்லாம் சமைத்துவிட்டுப் பிள்ளையைச் சாப்பிட வைக்கப் படாதபாடு படுகிறவள் மாதிரிதான் இருந்தாள்.

“உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. இதுக்கு மேல சுத்த வண்டியில பெட்ரோல் இல்ல.”