பதினோரு மணிப் பேச்சுவார்த்தை

இரும்புலியூரில் அந்த வீட்டுக்கு ஆஷா நர்ஸ் வேலைக்கு வந்து அன்றைக்குத்தான் முதல் நாள். வந்ததிலிருந்து பெரியவர் சாம்பசிவன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போராடுவோம், போராடுவோம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இட்லியை நீட்டினால் தட்டிவிடுகிறார்.

டாக்டர் சீட்டில் 'அஜிடேஷன்' என்று போட்டு, அடங்காவிட்டால் குத்த ஒரு ஊசியும் எழுதியிருந்தது.

மருமகள் நித்யஸ்ரீ ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். "டாக்டருக்கு அது வியாதி. மாமாவுக்கு அது ஸ்ட்ரைக். முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி கம்பெனி வாசல்ல உண்ணாவிரதம் இருந்தார். இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்கார். ஊசி போட்டா ரெண்டு நாள் எழுந்திருக்க மாட்டார், அவசரப்படாதே. பதினோரு மணிக்கு ஒருத்தர் வருவார், உள்ளே விடு."

வந்தார். அவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் டை, கையில் ஒரு ஃபைல்.

"மிஸ்டர் சாம்பசிவன், என்ன கலாட்டா இது? நாளைக்கு வேலைக்கு வரலைன்னா உம்மை டிஸ்மிஸ் பண்ணிடுவோம்."

"பண்ணுய்யா. ஏழு பேரை வெளியே தள்ளினியே, என்னையும் தள்ளு. அவங்க உள்ளே வர்ற வரைக்கும் என் தொண்டையில தண்ணி இறங்காது."

"ரெண்டு பேரை வேணா எடுத்துக்கறோம்."

"கத்திரிக்காய்க்கு பேரம் பேசுறியா? ஏழுன்னா ஏழு."

ஆஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், வெளிய போங்க. புத்தி கலங்கின மனுஷன்கிட்ட இன்னா சார் வெளாட்டு?"

வந்தவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஃபைலைத் திறந்து ஏழு பெயர்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க சாம்பசிவன். ஏழு பேரும் நாளைக்கு டூட்டிக்கு வரலாம்."

பெரியவர் தாளை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். வந்தவர் குனிந்து சாத்துக்குடி ஜூஸை நீட்ட, மடமடவென்று குடித்தார். ஆஷா ஊட்டிய தயிர்சாதமும் இறங்கியது. கண் சொருகித் தூங்கிப்போனார்.

"தப்பா பேசிட்டேன் சார்," என்றாள் ஆஷா. "மொதல்லயே கையெழுத்துப் போட்டிருக்கலாமே?"

"போட்டுப் பார்த்தேம்மா. சுலபமா குடுத்தா நம்ப மாட்டேங்கிறான். கீழ்க்கட்டளையிலேர்ந்து நாலு மாசமா தினம் வர்றேன், தினம் தோத்துட்டுப் போறேன்."

"நீங்கதான் அந்த மேனேஜரா?"

"நானா? பேரு ஜெயகிருஷ்ணன். லேத்துல இவனுக்குப் பக்கத்து மெஷின்."

"அப்ப தோஸ்துன்னு சொல்லுங்க. உங்களையே அவருக்கு அடையாளம் தெரியலையே சார். மனசு கஷ்டமா இல்ல?"

அவர் டையை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"தெரிஞ்சா என் கையால பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டாம்மா. பன்னெண்டாவது நாள் இவன் மயங்கி விழுந்தப்ப, பக்கத்துல இருந்து எழுந்து, மொத ஆளா கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனவன் நான்தான்."