வலிக்கு இடமில்லாத அறிக்கை

ஐம்பது வயது தாண்டிய எல்லோரும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மேடையில் முழங்கியவர், குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம். முன்னுதாரணமாகத் தன் குடலை அல்ல, மனைவி வசுமதியின் குடலைக் கொடுத்தார். கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. அறிக்கையைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்; நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள்.

மறுநாள் வசுமதி வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னங்க, இங்க குத்துது."

"டெஸ்டுக்குக் காத்து அடிச்சிருப்பாங்க. ஓமத்தண்ணி குடி. ரிப்போர்ட்லதான் எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே!"

ஓமத்தண்ணியில் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள், காய்ச்சலில் நடுங்கியவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"குடல்ல ஒண்ணுமில்ல சார். பித்தப்பை அழுகிடுச்சு" என்றார் டாக்டர். "இந்த டெஸ்டுக்கப்புறம் அபூர்வமா இப்படி வரும். குத்துதுன்னு சொன்ன அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

ஸ்ட்ரெச்சரில் போகும்போது வசுமதி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"இப்பவாவது நம்புறீங்களா, வலிக்குதுன்னு?"

மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அவருடையது. அதை அவளுக்கு மட்டும் கேட்கும்படி தாழ்த்திக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் பின்னால் நடந்தார். "நம்புறேன் வசு" என்று அவர் சொல்லி முடித்தபோது அறுவை அறையின் கதவு சாத்தியிருந்தது.