தகரப் பெட்டி ரேடியோ

வீங்கிய கன்னத்தோடு வந்த தெய்வானைக்கு, காஜா பெராங் தெருவில் ரேடியோ செய்து விற்கும் கணபதி பாகங்களை எடுத்துக் காட்டினார்.

"டிரான்ஸ்பார்மர் போடலன்னா தகரப் பெட்டியில கரண்ட் ஏறும், ஆச்சி. ஈரத்துல நின்னு தொட்டா உயிர் போயிடும். மரப்பெட்டி எடுத்துக்குங்க."

"தகரமே போதும், டிரான்ஸ்பார்மரும் வேணாம். நான் தொடமாட்டேன்."

"இந்த வால்வு பழசு, கரகரக்கும்."

"கரகரக்கட்டும். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குள்ள வீட்டுல மாட்டிக் கொடுங்க."

செட்டியார் வீட்டில் இத்தனை கஞ்சத்தனமா என்று அலுத்தபடி கணபதி மாட்டப் போனார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, காப்பி ஆறிப்போனதென்று அவள் புருஷன் சொக்கப்பன் அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்துகொண்டிருந்தார். உதட்டில் ரத்தம். கணபதி தலையைக் குனிந்துகொண்டு ரேடியோவைக் கரண்டில் செருகிக் குமிழைத் திருகினார். அது கரகரத்தது.

"சனியன், இந்த வீட்டுல எல்லாத்தையும் அடிச்சாத்தான் வழிக்கு வரும்." சொக்கப்பன் ரேடியோவை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

தடுக்க எழுந்த கணபதியின் சட்டையைத் தெய்வானை இறுகப் பிடித்தாள். அவள் மறுகையிலிருந்த ஆறிய காப்பி, புருஷனின் காலடியில் வழிந்துகொண்டிருந்தது.