கால் பார்க்கிறவர்

"உங்க வீட்டுக்காரர் என் காலையே பார்க்கறார். படி ஏறினா பார்க்கறார், இறங்கினா பார்க்கறார். நேத்து கீழ்ப்படியில உட்கார்ந்துகிட்டே பார்த்தார். மூணு வாரமா பொறுத்துட்டேன்."

மேல் வீட்டு டீச்சர் வாசலில் நின்றுகொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி இதை இரண்டாவது தடவையும் சொன்னாள்.

இன்ஜினியர் மனைவிக்குக் காது சுட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அவர் எல்லார் காலையும்தான் பார்ப்பார் டீச்சர். பொழப்பே அதுதான்."

பொழப்பு அதுதான். அவர் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்தில் ஏழு பேர் சேர்ந்து, இரண்டு காலில் நடக்கிற இரும்பு மனிதன் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆறு வருஷமாக. ஆள் உயரம், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒயர்க் கட்டு. நிற்கும். ஒரு காலைத் தூக்கும். யோசிக்கும். விழும். விழுந்து உடையக் கூடாதென்று உத்தரத்திலிருந்து கயிறு வேறு. நம்ம பொண்ணு பதினோரு மாசத்துல நடந்தா, ஒரு கயிறும் கட்டலை என்று மனைவி சொல்லிக்காட்டாத வாரமில்லை.

"எல்லார் காலையும் பார்க்கட்டும். என் காலை மட்டும் ஏன் நோட்டுல எழுதறார்? போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன்."

இடது செருப்பு தரையில் தேயத் தேய டீச்சர் மாடியேறிப் போனாள்.

மனைவி நேராகக் கணவரின் மேஜைக்குப் போனாள். நோட்டு கிடைத்தது. 'மேல் வீடு' என்று தலைப்பு. கீழே தேதி, நேரம். இடது கால், மூன்று படியில் உரசல். அடுத்த வாரம், ஐந்து. நேற்று, ஒன்பது.

கால் ஆணி வந்து ஆறு மாதமாக இவளும்தான் நொண்டிக்கொண்டே சமைக்கிறாள். அதற்கு ஒரு வரி உண்டா?

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நோட்டு பறந்து வந்து மார்பில் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. குனிந்து எடுத்து, தூசி தட்டி, விளக்கினார். மெஷினின் இடது கால் நுனி தரையில் உரசுகிறது, உரசினால் விழுகிறது. டீச்சரின் காலும் உரசுகிறது. ஆனால் டீச்சர் விழுவதில்லை. இடுப்பை ஒரு இம்மி தூக்கிச் சமாளித்துவிடுகிறாள். அந்தச் சூட்சுமத்தைப் பிடிக்கத்தான் முதலில் பார்த்தாராம்.

"முதல்லன்னா? அப்புறம்?"

"அப்புறம் கணக்கு ஏறிகிட்டே போகுது பாரு. மெஷின்ல இப்படி வாரா வாரம் மோசமானா, நாங்க காலைக் கழற்ற மாட்டோம். மேலேருந்து வர்ற ஒயரைப் பார்ப்போம். அவங்களுக்கு முதுகுல ஏதோ நரம்பு நசுங்குது."

"அதை அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? மூணு வாரமா உங்க காலைப் பார்க்கறேன்னா?"

டீச்சரின் கணவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவ நடையே அப்படித்தான் சார், செருப்பைத் தேய்ப்பா என்று அந்த மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் இன்ஜினியருக்குக் கோபம் வந்தது.

"இத்தனை வருஷம் கூடவே இருக்கார். பொண்டாட்டி எப்படி நடக்கறாங்கறதைக்கூடவா ஒருத்தர் பார்க்க மாட்டார்?"

மனைவி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டே மாடியேறினாள்.

மறுநாள் டீச்சரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது, நல்ல வேளை இப்போதே வந்தீர்கள், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்தப் பாதம் எழும்பாமலே போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த வாரமே ஆபரேஷன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இறங்கி வந்தாள். பின்னாலேயே கணவர். அவள் பை அவர் கையில், அவர் கண் அவள் காலில். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை டீச்சர் நடந்து காட்டினாள்.

இன்ஜினியர் தரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஒரு உரசல்கூட இல்லை" என்றார்.

"அதையும் நோட்டுல எழுதுங்க சார்" என்றாள் டீச்சர்.

மெஷினும் நடந்துவிட்டதாம். கயிறு தொய்ந்து கிடக்க, பதினோரு தப்படி. ஒவ்வொன்றுக்கும் இடுப்பை ஒரு இம்மி தூக்கிக்கொண்டு, அச்சு அசலாக டீச்சரின் பழைய நடை. அதுக்கும் ஆபரேஷன் பண்ணிடாதீங்க சார் என்று டீச்சர் சொல்ல, அவள் கணவர்கூடச் சிரித்துவிட்டார்.

அவர்கள் போனதும் வீடு லேசானது போலிருந்தது. இன்ஜினியர் ஜன்னலோரம் போய் நின்றார். எதிர்ச்சாரியில் ஒருவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பாரம் ஏறினால் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது? நோட்டைத் திறந்தார்.

மனைவி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். திரும்பிப் போனாள். மறுபடியும் வந்தாள், இந்தத் தடவை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நொண்டி.

"ஏங்க, என் காலையும் கொஞ்சம் பாருங்களேன்."