டஃப்பி கடித்துவிடும்

“கையை உள்ளே விடாதே, நரெல்! டஃப்பி கடிச்சிடும்!” என்று, தன் மலைப்பாம்பின் கூண்டை மனைவி திறப்பதைக் கண்டு வார்விக் பதறி எழுந்தான்.

நரெல் சிரித்தாள். இத்தனை வருடமும் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவன் அவன்தான். அதற்காகவே டவுன்ஸ்வில் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் அவனுக்குத் தெரியாமல் பாம்பைக் கையாளப் பழகிவிட்டு வந்திருந்தாள்.

“எலி வாசனை போகக் கையைக் கழுவிட்டேன். கொக்கியால லேசா தொட்டா, சாப்பாடு இல்லைன்னு அதுக்குப் புரிஞ்சிடும். அவ்வளவுதானே?”

“அது சரி... ஆனா இன்னிக்கு ரொம்பக் கோவமா இருக்கு, செல்லம். ஆபரேஷன் பண்ணின நெஞ்சு, பயமுறுத்தாதே!”

“ஆபரேஷன் உனக்குத்தானே? டஃப்பிக்கு இல்லையே!”

கொக்கியால் தொட்டாள். நடுவுடம்பைத் தாங்கித் தூக்கினாள். மலைப்பாம்பு சமர்த்தாக அவள் தோளில் ஏறிக்கொண்டது.

“பார்த்தியா, கடிக்கவே இல்ல! இரு, அது படுக்கிற மரப்பொந்தையும் துடைச்சிடறேன்.”

வார்விக் கண்களை மூடிக்கொண்டான்.

பொந்துக்குள்ளிருந்து அவள் கையோடு வந்தது, பாதி காலியான சிகரெட் பெட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இனி தொடவே மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்த அதே சிகரெட்.

நரெல் பாம்பின் தலையை மெல்ல வருடினாள்.

“நீ சொன்னது சரிதான், வார்விக். இன்னிக்கு இந்த வீட்ல ஒருத்தர் ரொம்பக் கோவமாத்தான் இருக்காங்க. ஆனா அது டஃப்பி இல்ல.”