ஓட்டுநர்மேல் பூட்டிய காசு

நாகர்கோவிலில் பயணிகள் தங்களுக்குப் பிடித்த பேருந்து ஓட்டுநர்மேல் டிஜிட்டல் காசைப் பூட்டி வைப்பார்கள். வண்டி நேரத்துக்குப் போனால் காசு வளரும். தாமதமானால் பூட்டிய எல்லோருடைய காசிலும் கொஞ்சம் வெட்டு விழும்.

நேற்று வழியில் மயங்கிக் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்ததில் ஓட்டுநர் செல்வினுக்கு நாற்பது நிமிடம் தாமதம். உடனே பலர் காசைத் திரும்பக் கேட்டுவிட்டார்கள், தினமும் அவன் வண்டியில் பள்ளிக்குப் போகும் ஹெப்சிபா டீச்சரும்தான்.

இன்று காலை வண்டியில் ஏறியதும் அவர் கேட்டார்: "நேத்து எதுக்குத் தம்பி லேட்டு?"

செல்வின் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்த ஆளு பொழச்சாரா?"

"பொழச்சிட்டாரு டீச்சர்."

டீச்சர் செல்பேசியை எடுத்து, காசைத் திரும்பக் கேட்ட தம் கோரிக்கையை ரத்து செய்தார்.

"இனியும் இப்படி யாராச்சும் கிடந்தா வண்டிய நிறுத்துங்க. எனக்கு மட்டும் ஒரு போன் போடுங்க. ஆட்டோல போயிக்கிடுதேன்."