இஜாஸின் புரோகிராம்

இறந்து ஆறு மாதமான இஜாஸ், அன்று மத்தியானமும் மகேஷ்குமாரிடம் “வாரேன்” என்றான்.

குரலில் இல்லை, கம்ப்யூட்டர் திரையில். அந்த ஒரு சொல் வந்தது. அப்புறம் எல்லாம் உறைந்து நின்றுவிட்டது.

தாராவியில் தோல் பை தைக்கும் இஜாஸின் பட்டறை அது. வெட்டும் மெஷினுக்கான புரோகிராமை இஜாஸ் ஜாவாவில் எழுதியிருந்தான். டிசைன் அனுப்பும் புரோகிராமை அவன் சிநேகிதன் மகேஷ், கல்யாணில் வீட்டிலிருந்தபடியே பைத்தானில் எழுதினான். இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஒரு சாக்கெட். டெலிபோன் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை பாதியில் நிற்கும்போதுதான் மாஹிமில் ரயிலில் அடிபட்டு இஜாஸ் செத்துப்போனான்.

தவறி விழுந்தானா, தானாகப் போனானா என்று பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பு வரைக்கும் வாய்கள் மென்றன. அந்த வாய்களை அடைத்தது மகேஷின் சாட்சிதான். சாவதற்குச் சற்று முன், நாலு மணிக்கு இஜாஸ் போன் பண்ணியதை மகேஷ் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்ட சஃப்ரீன், “எல்லார்ட்டயும் இந்தியிலயே சொல்லுங்க தம்பி, ஒங்களுக்கு அதானே நல்லா வரும்” என்றாள். சஃப்ரீன், இஜாஸின் மனைவி.

‘ஆ ரஹா ஹூன்னு சொன்னான், ஸ்டேஷனில் காத்திருந்தேன்’ என்று போலீசிலும் ஜமாத்திலும் மகேஷ் இந்தியிலேயே சொன்னான். வந்துகொண்டிருக்கிறேன் என்று நண்பனைப் பார்க்க வருகிறவன் சாகவா போவான்? மகள் ஷைஸ்தா இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அந்த சாட்சியால்தான்.

“பாபி, மறுபடி அதேதான்,” என்றான், மிச்ச வேலைக்காகப் பட்டறைக்கே வந்திருந்த மகேஷ். சஃப்ரீன் அவனுக்கு பாபி, அதாவது அண்ணி. “ஒரு பை வெட்டுது, வாரேன்னு சொல்லுது, அப்புறம் சுப், பேச்சே இல்ல. என் புரோகிராம் வெயிட் பண்ணிட்டே இருக்கு. ஆனா வரவே மாட்டேங்குது.”

“அப்ப அந்த வார்த்தய எடுத்துப் போட்டுருங்க தம்பி.” வெட்டிய தோலை அடுக்கிக்கொண்டிருந்த சஃப்ரீன் நிமிரவில்லை. புருஷனின் சொல் இப்படித் திரையில் வந்து வந்து நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் தாங்கும்?

மகேஷுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. வா, வெட்டு, வாரேன் என்று மெஷினுக்கு விளையாட்டாகத் தமிழில் கட்டளை வைத்தவன் இஜாஸ். கேபிளைப் பிடுங்கிச் செருகி மறுபடி ஓட்டினான். மறுபடியும் வாரேன்.

“கப் ஆயேகா யார்?” எப்போதடா வருவாய் என்று திரையிடம் இந்தியில் கேட்டே விட்டான்.

தையல் மெஷினில் இருந்த அகிலாண்டம் சிரித்தாள். “எங்க வரும்? வேல முடிஞ்சி கெளம்புதேன்னுல்லா சொல்லுது!”

“வாரேன்னா, வருவேன்தானே அக்கா?”

“அக்கா, நீங்க ஒங்க வேலயப் பாருங்க,” என்றாள் சஃப்ரீன் வெடுக்கென்று.

அகிலாண்டம் விடுகிற ஆளா? “இவரு நெல்லக்காரரு மவனாம்! நம்மாளுவ ‘போறேன்’னு சொல்லமாட்டோம் தம்பி, அது ஆகாது. ‘வாரேன்’னு சொல்லிட்டுத்தான் போவோம்.”

மகேஷின் அப்பாதான் நெல்லை. அம்மா பீகார், வீட்டில் இந்தி. அவனுடைய தமிழெல்லாம் காதில் விழுந்த அளவுதான்.

ஒரே வரியை மாற்றினான். வாரேன் என்று வந்தால் காத்திருக்காதே, லைனை முடித்துவிட்டு அடுத்த பைக்குப் புதிதாகக் கூப்பிடு. மெஷின் வெட்டியது. இரண்டாவது பை, மூன்றாவது பை. அகிலாண்டம் கைதட்டிவிட்டு டீ வாங்கப் போனாள்.

மகேஷ் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆறு வருஷமாக அவனிடம் இந்தியிலேயே பேசிய இஜாஸ், அன்றைக்கு நாலு மணிக்கு மட்டும் தமிழில் சொன்னான். “வாரேன்டா” என்று ஒரே ஒரு சொல். இவன் அதை ‘ஆ ரஹா ஹூன்’ என்று இந்திக்கு மாற்றிக்கொண்டு, கல்யாண் ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் வழி பார்த்து நின்றான். உடனே திருப்பிக் கூப்பிட்டிருந்தால்?

சொன்னால் ஷைஸ்தாவின் தலை குனியும். சொல்லாவிட்டால் தன் நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது அவனுக்கு.

“பாபி... அன்னிக்கு போன்ல இஜாஸ் சொன்னது... நான் தப்பா...”

சஃப்ரீன் எழுந்து வெட்டும் மெஷினை நிறுத்தினாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஷைஸ்தா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு அன்னைக்கே புரிஞ்சிட்டு தம்பி. நீங்க புரியாதவராவே இருங்க.”